தோரி வாசலைத் தாண்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஒரு குழு வருகிற பள்ளி விடுமுறையில் ஜப்பான் போகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பயண முகவர் கொடுத்த தாளில், ஜப்பானியரின் சொந்தச் சமயமான ஷிண்டோவின் நான்கு ஆலயங்களின் பெயர் இருக்கிறது. அங்கே போய் என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது என்று ஒரு வரி கிடையாது. போகிறவர்களும் வீட்டுப் பெரியவர்களும் எழுதியனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: செருப்பை எங்கே கழற்றுவது? சாமியை எவ்வளவு கிட்டத்தில் பார்க்க விடுவார்கள்?
– ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: கழற்ற வேண்டாம் ஐயா. வாசலில் இருந்து கும்பிடும் இடம் வரை செருப்போடுதான் நடக்க வேண்டும். தலையில் தொப்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். பணம் கட்டி, உள்மண்டபத்தில் உட்கார்ந்து, பூசாரியை வைத்துப் பிரார்த்தனை செய்துகொள்கிறவர்கள் மட்டும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். அதற்குப் பல ஆலயங்களில் 5,000 யென்னிலிருந்து கட்டணம்.

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் குழுவில் எல்லாரும் படிக்க வேண்டும். நம்மவர்கள் ஏமாந்து திரும்புவது அங்கேதான். நாம் கோயிலுக்குப் போவது தரிசனத்துக்கு. திரை விலகி, தீபாராதனை வெளிச்சத்தில் அம்மன் முகத்தைப் பார்த்தால்தான் கோயிலுக்குப் போன மாதிரி இருக்கும். ஷிண்டோ ஆலயத்தில் அப்படிப் பார்ப்பதற்கு விக்கிரகம் வைத்திருக்க மாட்டார்கள். 'காமி' என்று அவர்கள் சொல்லும் தெய்வம் தங்கும் பொருள் ஒரு கண்ணாடியாக இருக்கலாம், வாளாக இருக்கலாம். அது கருவறைக்குள் மூடியே இருக்கும். நாரா பக்கத்தில் ஓமிவா ஆலயத்தில் மிவா மலையே தெய்வம். அதனால் கருவறை என்று ஒன்றைக் கட்டவே இல்லை. திருவண்ணாமலையில் மலையையே சிவனாகக் கும்பிடுகிறோமே, அதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

ஆகவே, ஊரில் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய் முறையாக வணக்கம் சொல்லிவிட்டு வருகிறோம் என்ற எண்ணத்தோடு போங்கள். வாசலில் குனிவது, கை கழுவுவது, காசு போடுவது, கை தட்டுவது, திரும்பி வந்து மறுபடி குனிவது என்று அந்த முறைதான் அங்கே வழிபாடு. முறையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு மனம் நிறையும். தெரியாமல் போகிறவருக்குப் பூட்டிய மரக்கட்டடம் ஒன்றைப் பார்த்த ஞாபகம்தான் மிஞ்சும்.

கேள்வி: ஷிண்டோ ஆலயம், புத்தர் கோயில் இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? 'தோரி' என்பது நம்முடைய தோரணம்தானா?
– படிவம் 5 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: வாசலில் இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச்சட்டம் போட்ட தோரி நின்றால் ஷிண்டோ. ஊதுவத்தி வாசனை வந்தால் பெரும்பாலும் புத்தர் கோயில். பெயரைப் பார்த்தும் சொல்லலாம்: ஜின்ஜா, தைஷா, ஜிங்கூ என்று முடிந்தால் ஷிண்டோ, ஜி, தெரா என்று முடிந்தால் புத்தம். இது ஏன் முக்கியம் என்றால், ஷிண்டோவில் கை தட்டிக் கும்பிடுவார்கள், புத்தர் கோயிலில் தட்டக்கூடாது.

தோரணத்திலிருந்துதான் தோரி வந்தது என்று சாஞ்சி தூபியின் வாசலைக் காட்டிச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஜப்பானிய எழுத்தில் 'பறவை', 'இருக்கும் இடம்' என்ற இரண்டையும் சேர்த்து அதை எழுதுகிறார்கள். ஆனால் வாசலில் இருக்கும் கல் சிங்கம் இரண்டிலும் இந்தியத் தொடர்பு சந்தேகமில்லாதது. ஒன்று வாய் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். திறந்த வாய் 'அ', மூடிய வாய் 'ஹூம்' என்று முடியும் ஒலி. புத்த சமயத்தோடு சமஸ்கிருதத்திலிருந்து போனது. அகரத்தில் தொடங்கிக் கடைசி ஒலியில் முடிகிறது. படம் எடுக்கும்போது இரண்டு வாயையும் சேர்த்து எடும்மா.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியில் கை கழுவும் முறையை விளக்கமாகச் சொல்லுங்கள். தப்பாகச் செய்து அவமானப்படக் கூடாது.
– குடும்பத்தலைவி, தோட்டப்புறம்

பதில்: முதலில் தோரி வாசலில் நின்று ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு உள்ளே வாருங்கள். பாதையின் நடுவில் நடக்க வேண்டாம். நடுப்பகுதி தெய்வம் நடக்கும் வழி. ஓரமாக நடந்தால் சற்றுத் தூரத்தில் கூரை போட்ட கல்தொட்டி தெரியும். அதன் மேல் நீண்ட பிடி வைத்த அகப்பைகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கும்.

வலக்கையால் அகப்பையை எடுத்து ஒரே ஒருமுறை நிறைய மொண்டுகொள்ளுங்கள். எல்லா வேலையும் அந்த ஒரு அகப்பைத் தண்ணீரில் முடிய வேண்டும். கால்பங்கை இடக்கையில் ஊற்றுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையில் கால்பங்கு. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடக்கையைக் குழித்து அதில் கொஞ்சம் ஊற்றி, அந்தத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே, கீழே உள்ள வாய்க்காலில் சத்தமில்லாமல் துப்புங்கள். வாய் பட்ட இடக்கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கழுவுங்கள். கடைசியாக மிச்சம் இருக்கும் தண்ணீரோடு அகப்பையை இரண்டு கையாலும் செங்குத்தாக நிமிர்த்துங்கள். தண்ணீர் பிடி வழியாக இறங்கி, நீங்கள் பிடித்த இடத்தையே கழுவிவிடும். அடுத்தவருக்குச் சுத்தமான பிடி கிடைக்கும். பிறகு முன்பு இருந்தபடி கவிழ்த்து வையுங்கள்.

தவறுவது எங்கே என்றால், ஆரம்பத்திலேயே தாராளமாக ஊற்றிவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லாமல் மறுபடி மொள்வது ஒன்று. அகப்பையிலேயே வாயை வைப்பது இன்னொன்று. அதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார். கை கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் விழவும் கூடாது. கைதுடைக்க ஒரு சின்னத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே துணியோ தாளோ இருக்காது.

கோவிட்டுக்குப் பிறகு பல ஆலயங்களில் அகப்பையை எடுத்துவிட்டு, துளையிட்ட மூங்கில் குழாயில் தண்ணீர் ஒழுக விட்டிருக்கிறார்கள். அங்கே இடக்கை, வலக்கை என்று கழுவினால் போதும். வாய் கொப்பளிக்க மனம் ஒப்பவில்லை என்றாலும் குற்றமில்லை.

கேள்வி: கும்பிடும்போது எத்தனை முறை கை தட்டுவது? எவ்வளவு காசு போடுவது?
– லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு முறை குனிவது, இரண்டு முறை தட்டுவது, ஒருமுறை குனிவது. காசை முதலில் பெட்டியில் போட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து எறியாமல் விளிம்பில் நழுவ விடுவது மரியாதை. கயிறு கட்டிய மணி இருந்தால் ஆட்டுங்கள். பிறகு இடுப்பை மடித்து இரண்டு முறை நன்றாகக் குனியுங்கள். நெஞ்சுக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலக்கையை ஒரு விரல்கணு அளவு கீழே இறக்கி, தோள் அகலத்துக்கு விரித்து இரண்டு தட்டு. விரல்களை மறுபடி நேராக்கி மனத்துக்குள் வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை குனிந்துவிட்டு ஓரமாக விலகுங்கள். பின்னால் வரிசை நிற்கும்; நீண்ட பிரார்த்தனைக்கு அது இடமில்லை.

இசுமோ தைஷாவிலும் கியூஷூ தீவின் உசா ஜிங்கூவிலும் நான்கு தட்டு. மற்ற இடங்களில் இரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

காசு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பலர் விரும்புவது 5 யென். 'கோ-என்' என்ற அதன் உச்சரிப்பும் 'நல்ல தொடர்பு, உறவு' என்ற சொல்லின் உச்சரிப்பும் ஒன்று. இங்கே பணம் மாற்றும் கடையில் சில்லறைக் காசு தரமாட்டார்கள். அங்கே கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிச் சில்லறை சேர்த்துக்கொள்ளுங்கள். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை உள்ள காசுதான் 5 யென். அதில் '5' என்ற எண்ணைத் தேடாதீர்கள், ஜப்பானிய எழுத்து மட்டுமே இருக்கும். வெள்ளை நிறத்தில் ஓட்டையோடு இருப்பது 50.

கேள்வி: மாமியார் காலமாகி பயண நாளன்று 34 நாள்தான் ஆகியிருக்கும். கருமாதி 16ஆம் நாளே முடிந்துவிட்டது. நாங்கள் போகலாமா?
– மருமகள், தோட்டப்புறம்

பதில்: பயணம் போங்கள் அம்மா, ஷிண்டோ ஆலயத்துக்குள் மட்டும் போகாமல் இருப்பது நல்லது. நமக்கு 16 நாளில் தீட்டு கழிகிறது. அவர்கள் வழக்கில் நெருங்கிய உறவு இறந்தால் 50 நாள். அதுவரை ஜப்பானியக் குடும்பத்தினர் தோரிக்குள் நுழைவதைத் தவிர்ப்பார்கள். சாவை அவர்கள் பாவமாகக் கருதுவதில்லை. துக்கத்தில் உயிர்ச்சக்தி வாடிப்போய்விடுகிறது, அந்த நிலையில் காமியின் முன் போகக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஹிரோஷிமா பக்கத்தில் உள்ள மியாஜிமா தீவு முழுவதையும் புனிதமாகக் கருதியதால் பழைய நாளில் அங்கே பிரசவமும் சாவும் கூடாது என்று வைத்திருந்தார்கள். இன்றும் அந்தத் தீவில் இடுகாடு இல்லை.

வாசலில் யாரும் உங்களிடம் விசாரிக்க மாட்டார்கள். இது உங்கள் மனசாட்சிக்கு விட்டது. குழு உள்ளே போகும் நேரத்தில் நீங்களும் கணவரும் வெளியே கடைத்தெருவில் இருக்கலாம். புத்தர் கோயிலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கியோட்டோவில் அதற்குக் குறைவில்லை, மாமியாருக்காக அங்கே ஊதுவத்தி ஏற்றி வணங்கலாம்.

மாதவிலக்கு பற்றி இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் விலக்கு இருந்தது. இன்று ஆலயங்கள் யாரையும் தடுப்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. கியோட்டோவில் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரி இருக்கும் மலைக்குக் கூட்டிப் போகலாமா?
– மகன், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகக் கூட்டிப் போகலாம் தம்பி, உச்சி வரைக்கும் வேண்டாம். நீங்கள் சொல்வது ஃபுஷிமி இனாரி தைஷா. 711ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலயம் என்பது மரபு. இப்போதுள்ள மூலமண்டபம் 1499இல் கட்டியது. நுழைவுக் கட்டணம் இல்லை, இரவும் பகலும் திறந்திருக்கும்.

கியோட்டோ நிலையத்தில் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா பாதையில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. 5 நிமிடம், 150 யென். விரைவு ரயிலில் ஏறிவிட்டால் இனாரியில் நிற்காமல் போய்விடும், ஆகவே எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே முதல் தோரி. காலை 7 மணிக்குள் அங்கே இருந்தால் அம்மா நிம்மதியாக நடக்கலாம். 9 மணிக்கு மேல் தோரிக்குள் கூட்டம் நெருக்கும், நின்று இளைப்பாறக்கூட விடமாட்டார்கள்.

முதலில் பெரிய வாசல் கோபுரம். அந்நாளில் நாட்டை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷி, தாயின் நோய் குணமாக வேண்டிக்கொண்டு 1589இல் கட்டிக்கொடுத்தது அது, அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்து மூலமண்டபம், அதன் பின்னால் இரண்டு வரிசையாகப் பிரியும் 'சென்பொன் தோரி' என்ற நெருக்கமான தோரிப் பாதை. அது முடியும் இடத்தில் ஒரு சின்ன வழிபாட்டு மண்டபம் இருக்கிறது. அங்கே கல்விளக்கு மேல் உருண்டைக் கல் ஒன்று. ஒன்றை வேண்டிக்கொண்டு கல்லைத் தூக்க வேண்டும்; நினைத்ததை விட லேசாக இருந்தால் காரியம் எளிதில் கைகூடும் என்பார்கள். அம்மாவுக்கு இதுவரை போதும். படிகள் இருந்தாலும் குறைவு. போய்வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லை மட்டும் நீங்கள் தூக்குங்கள்.

இதற்கு மேல் படிக்கட்டு தொடர்ந்து ஏறும். யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி வரை கீழிருந்து சுமார் 40 நிமிடம்; ஊர் முழுவதும் தெரியும் இடம் அதுதான். உச்சி 233 மீட்டர். மரம் மறைப்பதால் அங்கே காட்சி எதுவும் கிடையாது. முழுச் சுற்றுக்கு 2 முதல் 3 மணி நேரம். குழுவில் இளையவர்கள் நாற்சந்தி வரை போய்த் திரும்பினாலே எதையும் இழக்கவில்லை.

ஏறும்போது தோரித் தூண்கள் வெறும் சிவப்பாகத் தெரியும். நின்று திரும்பிப் பாருங்கள்: ஒவ்வொரு தூணின் பின்பக்கமும் கறுப்பு எழுத்தில் கொடுத்தவரின் பெயரும் நாளும் மேலிருந்து கீழாக ஓடும். நம் கோயில் டியூப்லைட்டிலும் மின்விசிறி இறக்கையிலும் 'உபயம்' என்று எழுதுகிறோமே, அதேதான். மரத்தூண் என்பதால் மழையில் அடி மக்கும். மக்கியதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவார்கள். அதனால் பழுத்த தோரிக்குப் பக்கத்தில் நேற்றுச் சாயம் அடித்த தோரி நிற்கும்.

நரிச் சிலைகளைச் சாமி என்று நினைத்துவிட வேண்டாம். இனாரி நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வம். நரி அதன் தூதர், பிள்ளையாருக்கு மூஞ்சூறு மாதிரி. வாயில் கவ்வியிருப்பதைக் கவனியுங்கள்: ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் ஓலைச்சுருள், ஒன்றில் இரத்தினக் கல், இன்னொன்றில் நெற்களஞ்சியத்தின் சாவி.

கேள்வி: கற்பூரம், தேங்காய், விபூதி கொண்டுபோகலாமா?
– கோயில் செயலவை உறுப்பினர், தோட்டப்புறம்

பதில்: விபூதி நெற்றியில் இருக்கட்டும், சிலையில் பூச வேண்டாம். கற்பூரம் ஏற்றவே கூடாது. கட்டடமெல்லாம் மரம், கூரை பல இடங்களில் புல்லும் மரப்பட்டையும். தேங்காய், பூ, பழம் எதையும் மண்டபத்தின் முன் வைத்துவிட்டு வராதீர்கள். அவர்கள் படைப்பது அரிசி, உப்பு, தண்ணீர், அரிசி மது, மீன், காய்கறி. அதைப் பூசாரிதான் வைப்பார். நீங்கள் செலுத்துவது காசு மட்டும்.

கேள்வி: இசே ஆலயம் 2,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். படத்தில் பார்த்தால் மரம் புதிதாக இருக்கிறதே? உண்மையிலேயே பழைய ஆலயம்தானா?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: மரம் புதிது, ஆலயம் பழையது. நாம் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோம். அவர்கள் 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தையே மறுபடி கட்டுகிறார்கள். கருவறைக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் அச்சுமாறாமல் புதியதைக் கட்டி முடித்து, ஓர் இரவில் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுவார்கள். 690ஆம் ஆண்டில், ஜித்தோ பேரரசி காலத்தில் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுக்கு மேல் நின்றுபோய்ப் பிறகு தொடர்ந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. அடுத்தது 2033, அதற்கான மரம் வெட்டும் முன்சடங்குகள் 2025லேயே ஆரம்பித்துவிட்டன.

ஏன் 20 என்று கேட்டால் கட்டடத்தைப் பார்த்தாலே ஒரு காரணம் தெரியும். அஸ்திவாரக் கல் இல்லாமல் ஹினோகி என்ற சைப்ரஸ் மரத்தூணை நேரே மண்ணில் நட்டிருக்கிறார்கள், கூரை புல். மழைநாட்டில் அது எத்தனை காலம் தாங்கும் என்று பழைய லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு காரணம் கைத்தொழில். 20 வயதில் எடுபிடியாக நின்றவர் 40இல் தச்சராகவும் 60இல் மேஸ்திரியாகவும் நிற்பார். தொழில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கட்டடத்தோடு தெய்வத்துக்குரிய ஆடை, ஆயுதம், நெசவுக் கருவி என்று 714 வகையில் 1,576 பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள்.

பிரித்த மரத்தை வீணாக்குவதில்லை. முகட்டைத் தாங்கிய பெரிய தூண்கள், ஆலய நுழைவில் உள்ள உஜி பாலத்தின் இரு முனையிலும் தோரியாக நிற்கும். அங்கே 20 ஆண்டு நின்ற பிறகு, பழைய யாத்திரைப் பாதையில் உள்ள செக்கி, குவானா என்ற ஊர்களுக்குத் தோரியாகப் போகும். பாலத்தில் ஏறும்போது அந்தத் தூணை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏறுங்கள் ஐயா.

நகோயாவிலிருந்து கிந்தெத்சு விரைவு ரயிலில் இசேஷிக்கு ஒன்றரை மணி நேரம். கிந்தெத்சு தனியார் ரயில், ஜே.ஆர். பாஸ் செல்லாது. முதலில் கெக்கூ என்ற வெளி ஆலயம், பிறகு நைக்கூ என்ற உள் ஆலயம். இந்த வரிசையை மாற்றுவதில்லை. இசேஷி நிலையத்திலிருந்து கெக்கூவுக்கு 5 நிமிட நடை. அங்கே உணவுக்குரிய தெய்வம் தோயோஉகே. தினமும் காலை மாலை இரண்டு வேளை படையல் நடக்கிறது. நைக்கூவுக்குப் பேருந்தில் போக வேண்டும். அங்கே சூரிய தேவதை அமதெராசு. கெக்கூவில் இடப்பக்கமாகவும் நைக்கூவில் வலப்பக்கமாகவும் நடப்பார்கள். நைக்கூவில் தொட்டிக்குப் பதிலாக இசுசு ஆற்றங்கரைப் படியில் இறங்கியே கை நனைக்கலாம்.

கடைசியில் கல்படி ஏறிப் போனால் முன்னால் தொங்குவது ஒரு வெள்ளைத் திரை. கருவறை நான்கு வேலிகளுக்கு உள்ளே. முகடு மட்டும் தெரியும். படியின் கீழே நின்று படம் எடுக்கலாம், மேலே ஏறியபின் கூடாது. காற்றில் அந்தத் திரை எழும்பும்போது மக்கள் தலை தாழ்த்துவதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: மியாஜிமாவில் தோரி கடலில் மிதப்பதாகப் படம் பார்த்தோம். போனவர்கள் சேறுதான் இருந்தது என்கிறார்கள். எது சரி?
– புதுமணத் தம்பதி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் சரி, போன நேரம்தான் வேறு. கடல்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அங்குள்ள இட்சுகுஷிமா ஆலயம் மிதப்பது போலத் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால் தோரியின் காலடிவரை நடந்து போகலாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழ 6 மணி நேரம். பயண நாளின் ஓத அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதுவரை தீவில் தங்குவதுபோல் போங்கள். பழைய காலணி அணியுங்கள்.

இப்போதுள்ள தோரி 1875இல் கற்பூர மரத்தில் செய்தது. 16 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 60 டன். மண்ணில் புதைக்கவில்லை, மேல்சட்டத்துக்குள் கல்லை நிரப்பிப் பாரம் ஏற்றி, தன் எடையாலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வெடிப்பில் காசைச் செருகுவது சிலருக்கு வேடிக்கை. மரம் கெடுகிறது, செய்யாதீர்கள்.

ஹிரோஷிமாவிலிருந்து ரயிலில் மியாஜிமாகுச்சி அரை மணி நேரம், அங்கிருந்து படகு 10 நிமிடம். தீவு வரி 100 யென், ஆலயக் கட்டணம் 300 யென். ஆலயத்தை ஒட்டி தைகான்ஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அங்கே இருக்கும் பென்சைதென் என்ற தெய்வம் நம் சரஸ்வதிதான். ஷிண்டோவும் புத்தமும் ஒரே வளாகத்தில் கலந்திருந்ததை 1868இல் மெய்ஜி அரசு ஆணை போட்டுப் பிரித்தது. சரஸ்வதி பக்கத்து வாசலுக்குப் போனது அப்படித்தான்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆலயத் தெருவில் என்ன சாப்பிடலாம்?
– குடும்பத்தலைவி, சுங்கை சிப்புட்

பதில்: கவனம் தேவை. 'கித்சுனே உடோன்' என்று பொரித்த தோஃபு போட்ட நூடல்ஸ் சைவம் போலத் தெரியும். அதன் சாறு காய்ந்த மீன் சீவலைப் போட்டுக் காய்ச்சியது. தோஃபு பையில் சோறு வைத்த இனாரி சூஷியிலும் பெரும்பாலும் அதே சாறுதான். அரிசி மாவு உருண்டை, சுட்ட வள்ளிக்கிழங்கு, இனிப்புப் பயறு வைத்த மோச்சி ஆகியவற்றை நம்பலாம். பசியாறியபின் கிளம்புவது உத்தமம். நடந்துகொண்டே சாப்பிடாமல் கடை முன்னாலேயே நின்று முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் தாத்தாவை 1943இல் ஜப்பானியப் படையினர் இங்கிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. மகன் டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்துக்குப் போகலாம் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷிண்டோ ஆலயங்களுக்கே போகக்கூடாதோ என்று தோன்றுகிறது.
– மூத்த வாசகர், தோட்டப்புறம்

பதில்: உங்கள் மனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா. யாசுகுனியை மற்ற ஆலயங்களோடு சேர்க்காதீர்கள். 1869இல் அரசு நிறுவிய ஆலயம் அது. போரில் இறந்த ஜப்பானியப் படையினரைத் தெய்வமாக வைத்திருக்கிறது. முதல்தரப் போர்க்குற்றவாளிகள் என்று வழக்கு நடந்த 14 பேரை 1978இல் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பிறகு எந்தப் பேரரசரும் அங்கே போகவில்லை.

வளாகத்தில் உள்ள யூஷூகான் அருங்காட்சியகத்தின் முன்மண்டபத்தில் ஒரு கறுப்பு நீராவி இன்ஜின் நிற்கிறது, எண் சி56 31. அது சயாம்–பர்மா பாதையில் ஓடிய இன்ஜின். 415 கிலோமீட்டர் பாதை, 1942, 43இல் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களின் உயிர் அந்தக் கட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. மகன் முன்கூட்டியே தெரியாமல் போய் அந்த இன்ஜின் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துவிடக்கூடாது. தெரிந்துகொண்டு, அதைப் பார்ப்பதற்காகவே போகிறேன் என்றால் போகட்டும்; காசு போடவும் கை தட்டவும் கட்டாயம் இல்லை. தாத்தாவுக்குப் பூ வைக்க வேண்டும் என்றால் தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போங்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது, நம்மவர்களுக்கு இல்லை. ஆனால் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில் ஆசியத் தொழிலாளர் எலும்புகளை வைத்த இடம் உண்டு.

மற்ற ஆலயங்களுக்கு இதைக் காரணமாக வைத்துப் போகாமல் இருக்க வேண்டாம். இசேயும் இனாரியும் அந்தப் போருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை. போர்க்கால அரசு எல்லா ஆலயங்களையும் தன் கைக்குள் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அங்கே போகும் சாதாரண ஜனங்கள் விளைச்சலுக்கும் பிள்ளை படிப்புக்கும் கும்பிட்டார்கள், இன்றும் அதற்குத்தான் போகிறார்கள்.

டோக்கியோவில் வேறு ஆலயம் வேண்டுமென்றால் ஹராஜுகு நிலையத்தை ஒட்டி மெய்ஜி ஜிங்கூ. 1920இல் அமைத்தது, குண்டுவீச்சில் எரிந்து 1958இல் மறுபடி எழுந்தது. 70 ஹெக்டேர் காடு முழுக்க மனிதர் நட்டது. நாடெங்கும் இருந்து வந்த சுமார் 1 லட்சம் மரங்கள். ஊசியிலை மரம் முதலில் உயர்ந்து, பிறகு அதன் நிழலில் வளர்ந்த ஓக்கும் கற்பூர மரமும் அதன் இடத்தைப் பிடிக்கும்படி நூறு ஆண்டுக் கணக்குப் போட்டு நட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் 25 ஆண்டுக்கொருமுறை மறுநடவு பார்த்தவர் நீங்கள். அந்தக் காட்டில் நடந்தால் உங்களுக்குத் தெரிகிற விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாது. பாதையில் விழும் சருகைக் கூட்டி மறுபடி காட்டுக்குள்ளேயே போடுகிறார்கள். ஜனவரி முதல் 3 நாளில் மட்டும் போகாதீர்கள், சுமார் 30 லட்சம் பேர் வருவார்கள்.

கேள்வி: அக்கா போன வருஷம் வாங்கிவந்த தாயத்து என் பையில் தொங்குகிறது. பிரித்துப் பார்க்கலாமா? இந்த முறை முத்திரைப் புத்தகமும் வாங்க ஆசை.
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: பிரிக்காதே தம்பி. 'ஒமாமோரி' என்ற அந்தத் துணிப்பைக்குள் மந்திரித்த தாளோ மரத்துண்டோ இருக்கும். திறந்தால் காப்பு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓராண்டு ஆனதும் வாங்கிய ஆலயத்தில் திருப்பிக் கொடுப்பது முறை. பழைய தாயத்துக்கென்று தனிப் பெட்டி வைத்திருப்பார்கள், பிறகு சடங்கோடு எரிப்பார்கள். அக்காவிடம் எந்த ஆலயம் என்று கேட்டுக்கொண்டு நீயே எடுத்துப்போய்ப் போட்டுவிடு. புத்தர் கோயிலில் வாங்கியதாக இருந்தால் ஷிண்டோ பெட்டியில் போடக்கூடாது.

முத்திரைப் புத்தகத்தின் பெயர் 'கோஷுயின்சோ', விசிறிமடிப்பாக இருக்கும். ஆலயத்திலேயே 1,000, 2,000 யென்னுக்குக் கிடைக்கும். சாதாரண நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் எழுத மாட்டார்கள். முதலில் கும்பிட்டுவிட்டு வந்து, எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்தபடி கொடு. பெரும்பாலும் 300 முதல் 500 யென், சில்லறையாக வைத்துக்கொள். எழுதுகிறவரைப் படம் எடுக்காதே. தூரிகையால் ஆலயப் பெயரும் நாளும் எழுதி, சிவப்பு முத்திரை குத்தி, மை ஒட்டாமல் இருக்க மெல்லிய தாள் வைத்து மூடித் தருவார்கள். அந்தத் தாளை அன்று இரவுவரை எடுக்க வேண்டாம். மாலை 4 மணிக்கு மேல் போனால் பல இடங்களில் கவுண்டர் மூடியிருக்கும்.